காதை நம்பாதீர்கள்: வீட்டில் கட்டும் விமானமும் ரோட்டரி எஞ்சின் டைமிங்கும்

ஜனவரி 14, பகல். கல்முனையிலிருந்து வந்த கேள்வி

"அண்ணன், நான் கராஜில் வேலை செய்கிறேன். பழைய டொயோட்டா வந்தால் டிஸ்ரிபியூட்டர் போல்ட்டைத் தளர்த்தி, கையால் மெல்லத் திருப்பி, எஞ்சின் நல்லாப் பாடுகிற இடத்தில் இறுக்கி விடுவோம். பாஸ் அப்படித்தான் பழக்கினவர். இப்போது ஒரு வீடியோ பார்த்தேன். ஒருவர் வீட்டில் கட்டிய விமானத்துக்கு மஸ்டா ரோட்டரி எஞ்சின் போட்டு டைமிங் வைக்கிறார். லைட், ஸ்டிக்கர், லப்டொப் என்று ஒரு நாள் முழுக்கப் போகிறது. இவ்வளவு மினக்கெடத் தேவையா? எந்த எஞ்சின் என்றாலும் எஞ்சின்தானே. காது சொல்லும் என்பது என் கருத்து."

ஜனவரி 14, இரவு

காது சொல்லாது தம்பி. டொயோட்டாவுக்குச் சொல்லும், ரோட்டரிக்குச் சொல்லாது. பொங்கலும் அதுவுமாக நீளமாக எழுத வீட்டில் விடமாட்டார்கள், அதனால் ஒன்றை மட்டும் சொல்லி விட்டுப் போகிறேன்.

டைமிங் என்பது பிளக்கில் பொறி விழுகிற நேரம். பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடுகிற டிஸ்ரிபியூட்டரைத் திருப்பும்போது நாம் கேட்பது இரண்டு சங்கதி. ஐடில், அதாவது பாரமில்லாமல் சும்மா ஓடுகிற சுற்று, ஏறிச் சீராக ஓடுகிறதா என்பது ஒன்று. பாரத்தில் இழுக்கும்போது நொக், அதாவது கலவை கண்டபடி வெடித்துத் தட்டுகிற சத்தம், கேட்கிறதா என்பது மற்றது. (மட்டக்களப்பில் ஏற்றத்துக்கு எங்கே போவது? கல்லடிப் பாலந்தான் எங்கள் மலை.) ரோட்டரியில் முதலாவதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. இரண்டாவது கேட்கிற நேரம் எஞ்சினுக்குள் உடைய வேண்டியது உடைந்திருக்கும்.

ஜனவரி 15

மழை விடவில்லை, கராஜில் ஒரு வண்டியும் இல்லை. சாவகாசமாக எழுதுகிறேன்.

முதலில் நான் எந்தத் துணிச்சலில் பேசுகிறேன் என்று சொல்ல வேண்டும். புதூர்ப் பக்கம் சின்னக் கராஜ். லேண்ட் மாஸ்டர் உழவு மெஷின், வள்ளத்தின் அவுட்போர்ட் எஞ்சின், தண்ணீர் பம்ப், இவைதான் சோறு போடுகிறவை. கிட்டவே விமான நிலையம் என்பதால் சின்ன விமானம் இறங்கினால் ஸ்பேனரை வைத்து விட்டு வெளியே வந்து பார்ப்பேன், அவ்வளவுதான் எனக்கும் விமானத்துக்கும் இருந்த உறவு. பிறகு மெல்பேர்னில் இருக்கிற அக்காவின் மகன் வீட்டு கராஜில் இரண்டு பேர் அமர்கிற விமானம் ஒன்று கட்டத் தொடங்கினான். எஞ்சின், பழைய மஸ்டா ஆர்எக்ஸ்-7 காரிலிருந்து கழற்றிய 13பி என்கிற ரோட்டரி. நான் அக்காவிடம் போயிருந்தபோது ஊர் சுற்றிப் பார்த்ததை விட அந்த எஞ்சினோடு கிடந்ததுதான் கூட. அக்கா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவா.

இனி உள்ளே நடப்பதைப் பார்ப்போம். இது தெரியாமல் டைமிங் பேசி வேலையில்லை.

13பியில் முக்கோண ரோட்டர் இரண்டு, ஒவ்வொன்றும் 654 சிசி. ரோட்டர் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் நடு ஷாப்ட் மூன்று சுற்றுச் சுற்றி விடும். ரோட்டருக்கு மூன்று முகம். ஆகவே ஷாப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முகம் எரியும் இடத்துக்கு வந்து நிற்கும். சுற்றுக்கு ஒரு பொறி. நாலு ஸ்ட்ரோக் பிஸ்டனில் சிலிண்டருக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு பொறிதான். இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள், டைமிங் லைட் (பிளக் வயரில் கவ்வினால் ஒவ்வொரு பொறிக்கும் மின்னி, சுற்றுகிற புல்லியின் கோட்டை நிற்பது போலக் காட்டுகிற விளக்கு) பிடிக்கும்போது இதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

அடுத்தது, எரிகிற இடம் ஓரிடத்தில் நிற்பதில்லை. நீட்டாக, தட்டையாக, ரோட்டரோடு சேர்ந்து நகர்ந்து கொண்டே போகும். பற்றிய தீ ரோட்டர் போகிற திசைக்கு வேகமாக ஓடும், பின்பக்கம் வருவதற்குச் சுணங்கும். அதனால் ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக். கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது ட்ரெய்லிங். முதலில் லீடிங் அடிக்கும். ஒரு பத்துப் பதினைந்து டிகிரி கழித்து ட்ரெய்லிங் அடித்துப் பின்னால் மிச்சம் கிடப்பதைப் பற்ற வைக்கும். இந்த இடைவெளியை ஸ்பிளிட் என்பார்கள். ஆக ரோட்டரியில் டைமிங் என்றால் ஒரு எண் இல்லை, இரண்டு.

காது ஏன் ஏமாற்றும் என்பதற்கு ஒரு சின்னச் சான்று: 1986க்குப் பிறகு வந்த 13பி ஆர்எக்ஸ்-7 காரில் கொம்பனி சொன்ன ஐடில் டைமிங், லீடிங் டொப்புக்கு (முகம் கலவையை முழுதாக அமுக்கி முடிக்கிற இடம்) பின் 5 டிகிரி, ட்ரெய்லிங் டொப்புக்குப் பின் 20. முன் இல்லை, பின். பிஸ்டன் பழகின காதுக்காரன் இதைக் கேட்டால், "ஐயோ ரிடார்டாக, பின்னுக்குக் கிடக்கு" என்று முன்னுக்குத் தள்ளி விடுவான். ஐடில் இன்னும் கொஞ்சம் ஏறும், சத்தமும் நன்றாக இருக்கும், ஆளும் சந்தோஷமாக இறுக்கி விடுவான். முழுப் பாரத்தில் அதே அளவு முன்னுக்குப் போய் நிற்கும் என்பது அப்போது கேட்காது.

ஜனவரி 16

காத்தான்குடி நானா ஒருவர் எழுதியிருக்கிறார்: "ரோட்டரி எஞ்சின் என்றால் சிலிண்டரே சுற்றுமே, முதலாம் உலகப் போர் விமானத்தில் இருந்தது அதுதானே?"

நானா, அதுவும் ரோட்டரிதான், ஆனால் வேறு சாதி. பிரான்சின் நோம் எஞ்சின் போன்றவை அவை. 1909 வாக்கில் வந்தன. அதில் கிராங்க் ஷாப்டை விமானத்தோடு சேர்த்து இறுக்கி விடுவார்கள். சிலிண்டர்கள் எல்லாம் புரொப்பெலரோடு சேர்ந்து சுற்றும். பொறி கொடுக்கிற மக்னீற்றோ அசையாமல் நிற்கும், ஒரு கரித்துண்டு சுற்றுகிற வளையத்தில் உரசி ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்ட் கொடுக்கும். எண்ணெய் ஆமணக்கெண்ணெய், அதுவும் திரும்பி வராது, எரிந்தது போக மிச்சம் பைலட்டின் முகத்தில். அந்தக் காலத்துப் பைலட்மாரின் வயிறு பற்றிச் சொல்கிற கதைகளை இங்கே எழுத மாட்டேன்.

நாம் பேசுவது பீலிக்ஸ் வாங்கெல் வழி வந்தது. ஜெர்மனியில் என்எஸ்யூ கொம்பனி 1957இல் முதல் எஞ்சினை ஓட விட்டது, மஸ்டா 1967இல் கொஸ்மோ காரில் இரண்டு ரோட்டர் போட்டு விற்றது. 1991இல் லீ மான்ஸ் ஓட்டத்தில் வென்ற மஸ்டா 787பியில் நாலு ரோட்டர், ரோட்டருக்கு மூன்று பிளக். மூன்று பிளக்குக்கு டைமிங் வைத்தவனின் தலைவலியை நினைத்துப் பாருங்கள்.

ஜனவரி 18

உகணைப் பக்கம் விமானப் பராமரிப்பில் இருந்த ஐயா ஒருவர் கொஞ்சம் காரமாகவே எழுதியிருக்கிறார். விமான எஞ்சினில் இரண்டு பிளக் வைப்பது ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்ற, அவை இரண்டும் ஒரே நேரத்தில்தான் அடிக்க வேண்டும், பத்து டிகிரி தள்ளி அடிக்கிறதை விமானத்தில் ஏற்றக் கூடாது என்கிறார்.

ஐயா, லைக்கோமிங் போன்ற விமானப் பிஸ்டன் எஞ்சினுக்கு நீங்கள் சொல்வது அச்சொட்டாகச் சரி. இரண்டு மக்னீற்றோவும் டொப்புக்கு முன் 25 டிகிரியிலோ 20இலோ, எஞ்சின் தட்டில் எழுதியிருக்கிறபடி, ஒன்றாக அடிக்கும். ஓடுபாதைக்குப் போகுமுன் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பீர்கள். நிமிடச் சுற்று 175க்கு மேல் விழக்கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50க்கு மேல் வரக்கூடாது.

அந்தக் கணக்கை ரோட்டரிக்குக் கொண்டு வரக்கூடாது என்பதற்குத்தான் இத்தனையும் எழுதுகிறேன். இங்கே இரண்டு பிளக்கும் சம பங்காளிகள் இல்லை. ட்ரெய்லிங்கை நிறுத்தினால் சுற்று கொஞ்சம் விழும், எக்ஸோஸ்ட் சூடு ஏறும், மற்றப்படி எஞ்சின் தன் பாட்டில் ஓடும். லீடிங்கை நிறுத்தினால் நன்றாகவே விழும், முரடாக ஓடும். இரண்டும் ஒரே அளவு விழவில்லையே என்று ஒருவன் ட்ரெய்லிங்கை முன்னுக்கு இழுத்துச் சமப்படுத்தப் பார்த்தால், ட்ரெய்லிங் லீடிங்கை முந்தி அடிக்கிற நிலை வந்து விடும். அது கூடவே கூடாது. ரேஸ் ஓட்டுகிறவர்கள் சிலர் முழு வாயுவில், அதாவது துரொட்டிலை முழுக்கத் திறந்த நிலையில், ஸ்பிளிட்டைக் குறைத்துப் பூச்சியம் வரைக்கும் கொண்டு வருவார்கள். அவர்கள் எஞ்சினை ஒரு சீசனுக்குள் பிரித்துப் பார்க்கிறவர்கள்.

ஒன்று செத்தாலும் மற்றது வீட்டுக்குக் கொண்டு வரும் என்பதில் உங்களோடு நான் ஒத்துப் போகிறேன். அதற்காக லீடிங்குக்கு ஒரு சுவிட்ச், ட்ரெய்லிங்குக்கு ஒரு சுவிட்ச், தனித் தனி வயரிங். மருமகன் அப்படித்தான் செய்திருக்கிறான்.

ஜனவரி 20

லைட் விஷயம். கல்முனைத் தம்பி திரும்பவும் கேட்டிருந்தார், ஸ்டிக்கர் எதற்கு, டயல் உள்ள டைமிங் லைட் வாங்கினால் போதாதா என்று.

டயல் லைட் எப்படி வேலை செய்கிறது? ஒரு பொறிக்கும் அடுத்த பொறிக்கும் இடையில் 720 டிகிரி, அதாவது இரண்டு சுற்று, என்று அது நம்பிக் கொண்டிருக்கிறது. டயலில் 20 என்று வைத்தால் அந்த நேரத்தில் 720க்கு 20 பங்கு சுணங்கி மின்னும். நாலு ஸ்ட்ரோக் பிஸ்டனுக்கு அது சரி. ரோட்டரியில் சுற்றுக்கு ஒரு பொறி என்று சொன்னேனே, அதனால் டயலில் 20 வைத்தால் உண்மையில் 10 டிகிரிதான் சுணங்கும். அது மட்டுமா? லீடிங் இரண்டையும் ஒரே கொயில் (பொறிக்குக் கரண்ட் கொடுக்கிற சுருள்) அடிக்கிற எஞ்சினில் அரைச் சுற்றுக்கு ஒரு பொறி. அங்கே டயல் 20 என்றால் உண்மை 5. டயலைத் திருப்பித் திருப்பி அடையாளத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டு வந்து "40 காட்டுது, அதிகம், குறைப்போம்" என்று ஒருவன் குறைத்தால் அவன் குறைப்பது 20ஐயோ 10ஐயோ.

அதனால் டயலைப் பூச்சியத்தில் வைத்து விட்டு மறந்து விடுங்கள். சாதாரண லைட் இன்னும் நல்லது. டிகிரியைப் புல்லியில் ஒட்டுங்கள்.

மருமகனின் கராஜில் நாங்கள் செய்தது இது. தையல்காரர் வைத்திருக்கிற நாடாவால் புல்லியின் சுற்றளவை அளந்தோம். விட்டம் 150 மில்லிமீற்றர் என்றால் சுற்றளவு 471 சொச்சம். 360ஆல் பிரித்தால் டிகிரிக்கு 1.3 மில்லிமீற்றர். 10 டிகிரி 13 மில்லிமீற்றர், 25 டிகிரி 33 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைய. மெல்லிய வெள்ளை டேப்பில் கூர்ப் பென்சிலால் கோடு போட்டு, டிகிரி ஐந்துக்கு ஒரு நீளக் கோடு, பூச்சியத்துக்குச் சிவப்பு. புல்லியைத் தின்னர் போட்டுத் துடைத்து ஒட்டினோம். முதலில் ஒட்டிய டேப் எஞ்சின் சூட்டில் ஓரம் கிளம்பியதால் மேலே நிறமில்லாத நெயில் பொலிஷ் ஒரு பூச்சு. அக்காவின் மகள் கொடுத்தது. அதற்குப் பிறகு அசையவில்லை.

எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்பதில் எல்லாரும் ஒரு தடவை தடுமாறுவார்கள். புல்லிப் பக்கம் நின்று பார்த்தால் 13பி மணிக்கூட்டு முள் திசையில் சுற்றும். பொறி டொப்புக்கு முன் அடிக்கிறதென்றால், அந்த நேரம் பூச்சியக் கோடு எஞ்சின் உடம்பில் அசையாமல் நிற்கிற அடையாள ஊசியை இன்னும் அடையவில்லை. ஊசிக்கு நேரே நிற்பது பூச்சியத்துக்கு முன்னால் ஓடிக் கொண்டிருக்கிற பகுதி. ஆகவே "முன்" டிகிரிகள் சுற்றுகிற திசைப் பக்கம் வர வேண்டும். கையால் ஷாப்டைத் திருப்பி, 25, 20, 15 என்று இறங்கிக் கடைசியில் பூச்சியம் ஊசிக்கு வருகிறதா என்று பார்த்தால் சந்தேகம் தீரும்.

ஜனவரி 20, பின்னேரம்

இரண்டாவது ரோட்டரின் பிளக்கில் லைட்டைக் கவ்விப் பார்த்தால் கோட்டையே காணவில்லை என்று ஒருவர். அது எதிர்ப் பக்கம் நிற்கிறது. இரண்டு ரோட்டருக்கும் 180 டிகிரி வித்தியாசம். புல்லியில் நேரெதிரே இன்னொரு பூச்சியமும் கோடுகளும் ஒட்டி விடுங்கள்.

ஜனவரி 23

நான் கை வைத்த இன்னொரு ரோட்டரி பற்றிச் சொல்ல வேண்டும், மருமகனுடையது மட்டும் என்று நினைத்து விட வேண்டாம். அக்கரைப்பற்றில் ஒருவரிடம் ஆர்எக்ஸ்-8 இருந்தது. ஸ்டார்ட் ஆகச் சுணங்கும், பெற்றோல் குடித்து மூச்சு முட்டும், ஓடினால் நடுங்கும். பல இடம் காட்டியாகி விட்டது. ஓரிடத்தில் கொம்பிரஷன் போய்விட்டது, எஞ்சின் மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்லி விட்டார்கள். மனுசன் பாதி விலைக்கு விற்கிற யோசனையில் இருந்தார்.

பொனட்டைத் திறந்தால் பிளக் வயர்களில் இருந்த அடையாளங்கள் ஒன்றும் இல்லை, புது வயர். ஆர்எக்ஸ்-8இல் பிளக்குக்கு ஒன்றாக நாலு கொயில். நான் வேறு எதையும் தொடவில்லை. ஒவ்வொரு வயரிலும் லைட்டைக் கவ்விப் பார்த்தேன். முன் ரோட்டரின் மேல் பிளக், கீழ்ப் பிளக்கை முந்தி மின்னுகிறது. இரண்டும் மாறிக் கொழுவிக் கிடந்தன. எஞ்சின் அப்படியும் ஓடிக் கொண்டிருந்ததுதான் விசேஷம். மாற்றிக் கொழுவினதும் நடுக்கம் நின்றது.

கார் என்றபடியால் நடுங்கி நடுங்கி அக்கரைப்பற்றிலிருந்து வந்து சேர்ந்தது. விமானத்தில் அதே இரண்டு வயர் மாறிக் கிடந்து, முழு வாயுவில் ஏறினால்? அதனால்தான் மருமகனிடம் சொன்னேன், நாலு வயரையும் தனித் தனியாக லைட் பிடித்துப் பார், லீடிங் ஒரு நிறம், ட்ரெய்லிங் ஒரு நிறம், வயரின் இரண்டு முனையிலும் சுற்று.

பிளக்கிலும் கவனம். ஆர்எக்ஸ்-7க்குக் கொம்பனி கொடுத்தது லீடிங்குக்கு என்ஜிகே கொம்பனிப் பிளக்கில் 7ஆம் இலக்கச் சூடு, ட்ரெய்லிங்குக்கு 9. இலக்கம் கூடினால் பிளக் குளிர், அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்தும். கடையில் நாலும் ஒன்றுதான் என்று கட்டித் தருவார்கள், வாசித்துப் பார்த்து வாங்குங்கள்.

ஜனவரி 27

"சரி அண்ணன், கடைசியில் எத்தனை டிகிரி?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும்.

டர்போ இல்லாத 13பிக்கு முழுப் பாரத்தில் லீடிங் டொப்புக்கு முன் 20க்கும் 25க்கும் இடையில். விமானத்தில் தொடங்குகிற இடம் 20 பக்கம், 25 பக்கம் இல்லை. டர்போ இருந்தால் இன்னும் குறைய, அதற்கு நான் எண் சொல்ல மாட்டேன்.

ஏன் கீழ்ப் பக்கம் ஒதுங்கச் சொல்கிறேன் என்றால், கார் எஞ்சின் முழு வாயுவில் நிற்பது சில வினாடி. பஸ்ஸை முந்தினால் காலை எடுத்து விடுவோம். விமானம் எழும்பி உயரம் பிடிக்கும் வரை நிமிடக் கணக்கில் அதே பாரம், அதே சுற்று. 13பியின் சுற்று புரொப்பெலருக்கு ஆகாது, நடுவில் கியர்ப் பெட்டி வைத்துக் குறைக்க வேண்டும். அமெரிக்காவில் ட்ரேசி குரூக் என்பவர் ஆர்வி-4 விமானத்தில் 13பி போட்டுப் பல காலம் பறந்து, மற்றவர்களுக்கும் அந்தக் கியர்ப் பெட்டி செய்து கொடுத்தார். 2.17க்கு ஒன்று, 2.85க்கு ஒன்று என இரண்டு வகை. எஞ்சின் 6,000 ஓடினால் 2.85இல் புரொப்பெலருக்குப் போவது 2,100 அளவு. அந்த 6,000இல் ஷாப்ட் சுற்றும்போது ரோட்டருக்கு வினாடிக்கு நூறு தடவை எரிகிறது. அதில் ஒன்று நேரத்துக்கு முந்தி வெடித்தால் அடி வாங்குவது ஏபெக்ஸ் சீல். ரோட்டரின் மூன்று மூலையிலும் இருக்கிற வார்ப்பிரும்புக் கீலம், 1986க்குப் பிறகு வந்த 13பியில் 2 மில்லிமீற்றர் தடிப்பு, அதற்கு முன் 3. பென்சில் தடிப்புக்கூட இல்லாத அதுதான் எல்லாவற்றையும் தாங்கிக் கொண்டு நிற்கிறது. புரொப்பெலர் சத்தத்தில், ஹெட்செட் போட்டுக் கொண்டு, நொக் கேட்கும் என்று காத்திருப்பவனுக்குக் கேட்கப் போவது சீல் உடைந்த பிறகு வருகிற சத்தம்.

பின்னுக்கு இருந்தால் என்ன நட்டம்? மூன்று நாலு டிகிரி பின்னுக்கு வைத்தால் பிஸ்டன் எஞ்சின் அளவுக்கு ரோட்டரி கோபிக்காது. பவர் கொஞ்சம் குறையும். ஆனால் அது இலவசமில்லை, எரிந்து முடியாத தீ எக்ஸோஸ்டுக்குள் போகும். ரோட்டரியின் எக்ஸோஸ்ட் சாதாரண நேரத்திலேயே 900 பாகை செல்சியஸ் பக்கம் நிற்கிறது. ரொம்பப் பின்னுக்குப் போனால் பைப் சிவக்கும், சைலன்சருக்குள் இருக்கிற தகடுகள் உதிரும். மருமகனின் முதல் சைலன்சர் உள்ளே கிலுகிலுத்தது அதனால்தான் என்று நான் நினைக்கிறேன், அவன் வெல்டிங்கைச் சொல்கிறான். ஆக, பின்னுக்குப் போவதற்கு மீற்றரில் சூடு பார்த்து எல்லை வைக்கலாம், முன்னுக்குப் போவதற்கு எச்சரிக்கை இல்லை. எச்சரிக்கை உள்ள பக்கத்தில் நில்லுங்கள்.

பெற்றோல் பற்றிக் கேட்டவருக்கு: நம்மூர் பெற்றோல் செட்டில் அடிக்கிற 92 ஒக்டேன் டர்போ இல்லாத ரோட்டரிக்குப் போதும், 95 போட்டுக் காசு கரைக்கத் தேவையில்லை. விமானங்களுக்கென்று வருகிற 100எல்எல் பெற்றோலில் ஈயம் இருக்கிறது, அது ரோட்டரியின் பிளக்கில் படியும். விலை கூடினது நல்லது என்ற கணக்கு இங்கே தோற்கும்.

ஜனவரி 28

நேற்று எழுதினது மெல்பேர்ன் குளிருக்கு. சித்திரை, வைகாசியில் மட்டக்களப்பு வெயிலில் இதே எஞ்சினை ஓட விட்டால் உள்ளே போகிற காற்றே சூடு. சூடு கூடினால் நொக் கிட்ட வரும். அதோடு நமது ஊர் கடல் மட்டத்தில் கிடக்கிறது, காற்று அடர்த்தி, சிலிண்டருக்குள் நிறையப் போகும். மேலே ஏற ஏறக் காற்று மெலிந்து ஆபத்துக் குறையும், அங்கே டைமிங்கை முன்னுக்குக் கொண்டு போகவும் இடமிருக்கும். எனவே மோசமான நேரம் வெயிலில், தரையிலிருந்து எழும்புகிற அந்த நிமிடங்கள். டைமிங்கை அதற்குத்தான் வைக்க வேண்டும், மற்ற நேரத்துக்கு இல்லை.

(ரோட்டரிக்கு ஏது சிலிண்டர் என்று யாரும் எழுத வேண்டாம். பழக்கதோஷம்.)

ஜனவரி 30

மண்ணெண்ணெய் அவுட்போர்ட் பற்றி ஒருவர் இடையில் புகுந்து கேட்டிருக்கிறார். தலைப்புக்கு வெளியேதான், ஆனால் எனக்குச் சோறு போடுகிற விஷயம்.

பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற எஞ்சின்கள் அவை. மண்ணெண்ணெய்க்கு நொக்கைத் தாங்கும் சக்தி குறைவு, அதனால் கொம்பிரஷனைக் குறைத்துச் செய்திருப்பார்கள். வாவியில் மீன் பிடிக்கிற அண்ணன்மார் வள்ளத்தின் பின் பலகையில் கையை வைத்தே எஞ்சின் தட்டுகிறதா என்று சொல்லி விடுவார்கள். கேட்டவுடன் வாயுவைக் குறைப்பார்கள், எஞ்சினும் பிழைத்து விடும். பிஸ்டன் தடித்த ஆள், பத்து அடி வாங்கிய பிறகும் மன்னிக்கும். காதால் பிழைக்கிற தொழில் எங்களுக்கு அங்கிருந்து வந்தது. பிழையான பழக்கம் என்று நான் சொல்லவே இல்லை, வேறு எஞ்சினுக்குரிய பழக்கம்.

பெப்ரவரி 2

மருமகன் நேற்றிரவு வாட்ஸ்அப்பில் வந்தான். "மாமா, டைமிங்கை லப்டொப்பில் 10 என்று பூட்டி விட்டேன். 1,500 சுற்றில் லைட் 10 காட்டுது. 4,000க்குப் போனால் 6 காட்டுது. லைட் பழுதோ?"

லைட் பழுதில்லை. இது எல்லாருக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

கணினி வைத்த இக்னிஷனில் டைமிங் வைப்பது இரண்டு படி. கணினியில் ஓர் எண்ணைப் பூட்டி, லைட்டில் அதே எண் புல்லியில் தெரிகிறதா என்று பார்த்து, வித்தியாசத்தைத் திருத்துவது முதல் படி. பலர் இதோடு எழும்பிப் போய் விடுவார்கள். பூட்டிய எண்ணை விடாமல் சுற்றை ஏற்றிப் பார்ப்பது இரண்டாம் படி. கோடு அசையாமல் நிற்க வேண்டும். நகர்ந்தால் ஷாப்ட் சென்சரின் இரண்டு வயரும் மாறிக் கிடக்கலாம். ஷாப்டோடு சுற்றுகிற பற்சில்லின் பல் காந்தச் சென்சரைக் கடக்கும்போது மின் அலை ஏறி இறங்கும். அதில் செங்குத்தாகப் பூச்சியத்தைக் கடக்கிற இடத்தைத்தான் கணினி பிடிக்க வேண்டும். வயர் மாறினால் அது சரிவாகக் கிடக்கிற பக்கத்தைப் பிடிக்கும், அந்த இடம் சுற்று ஏற ஏற நகரும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஐடில் அழகாக நிற்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இரண்டு வயரை மாற்றிப் பூட்டிப் பார்க்கச் சொன்னேன்.

பெப்ரவரி 3

மாற்றிப் போட்டான். முதலில் எல்லாம் ஒரு பல் அளவு தள்ளிப் போய் நின்றது, அது எதிர்பார்த்தது. பூச்சியத்தைத் திரும்பத் திருத்தினான். இப்போது 1,500இலும் 4,000இலும் கோடு ஒரே இடத்தில். வீடியோ அனுப்பினான், பின்னணியில் அக்கா "சாப்பிட வா" என்று கத்துகிறா.

பெப்ரவரி 9

லைட் பிடிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று பாக்கி. காரில் புல்லி முன்பக்கம். விமானத்தில் கியர்ப் பெட்டி பிளைவீல் பக்கம் பூட்டுகிறபடியால் எஞ்சினைத் திருப்பி வைப்பார்கள். புரொப்பெலர் மூக்கில், புல்லி பைலட்டின் காலுக்கு முன்னால் இருக்கிற தடுப்புத் தகட்டுப் பக்கம். நல்லதுதான், லைட்டோடு புரொப்பெலருக்குக் கிட்டப் போகத் தேவையில்லை. ஆனால் இடம் ஒரு கை அகலம். நாங்கள் பழைய ஓட்டோவின் பக்கக் கண்ணாடி ஒன்றைக் கம்பியில் கட்டிப் பார்த்தோம். கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும் என்பதால் முன் எது பின் எது என்று திரும்பவும் சண்டை. பிறகு போனை உள்ளே செருகி வீடியோ எடுத்து, எஞ்சினை நிறுத்திய பிறகு நிதானமாகப் பார்த்தோம். எஞ்சின் ஓடுகிற நேரம் வாலைக் கட்டி, சில்லுக்கு முட்டுக் கொடுத்து, உள்ளே ஒரு ஆள் வாயுவில் கை வைத்தபடி இருக்க வேண்டும். வயர் இழுத்துக் கொண்டு முன்பக்கம் சுற்றி வருகிற வேலையே வைக்கக் கூடாது.

பெப்ரவரி 11

கல்முனைத் தம்பி இப்போது கொயில் மிச்சம் பிடிக்கிற யோசனையில் இருக்கிறார். லீடிங் இரண்டுக்கும் ஒரே கொயில் போதும் என்றால் ட்ரெய்லிங் இரண்டுக்கும் ஒரே கொயில் போட்டால் என்ன என்கிறார். நல்ல கேள்வி. பதில்: அப்படிப் போடக் கூடாது.

முதல் ரோட்டர் டொப்பில் நிற்கும்போது மற்ற ரோட்டர் அரைச் சுற்றுத் தள்ளி நிற்கிறது. அந்த நேரம் அதன் மூலை, இரண்டு பிளக்குக்கும் சரி நடுவில். லீடிங் பிளக் பார்ப்பது எரிந்து முடிந்த புகையை, அங்கே ஒரு வீண் பொறி விழுந்தால் ஒன்றும் நடக்காது. ட்ரெய்லிங் பிளக் பார்ப்பது அடுத்த முகத்தில் இப்போதுதான் நிறைந்து அமுங்கத் தொடங்குகிற புதுக் கலவையை. அங்கே பொறி விழுந்தால் அரைச் சுற்றுக்கு முன்னாலேயே பற்றும்.

ட்ரெய்லிங் பிளக்கின் துளையைக் கொம்பனி ஊசித் துளை போலச் சின்னதாக விட்டிருப்பதும் இந்த மூலையின் பயணத்தோடு சம்பந்தப்பட்டது. மூலை முதலில் கடப்பது அந்தத் துளையைத்தான், அப்போது முன் பக்கம் எரிகிற வாயுவின் அழுத்தம் இன்னும் இறங்கவில்லை. துளை பெரிதானால் அதனூடாகப் பின் பக்கத்துக்குக் கசியும். யாரும் ட்ரில் எடுத்துப் பெருப்பிக்க வேண்டாம், கேட்கத் தொடங்குமுன் சொல்லி வைக்கிறேன்.

மஸ்டாவே 13பி ஆர்எக்ஸ்-7இல் லீடிங்குக்கு ஒன்று, ட்ரெய்லிங்குக்கு இரண்டு என்று மூன்று கொயில்தான் வைத்தது. காருக்கு அது போதும். விமானத்தில் அந்த ஒற்றை லீடிங் கொயில் செத்தால் இரண்டு ரோட்டருக்கும் லீடிங் போய்விடும். நாலு கொயில் போடுங்கள், விலை பார்க்க வேண்டாம்.